பிழை வெடிக்கும் இடமும் பிறந்த இடமும்: சி மொழி கற்பவருக்கு ஒரு வழிகாட்டி

சி மொழியில் எழுதிய நிரல் ஒன்று ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் திரையில் விட்டுவிட்டு நின்றுபோகும்போது, எந்தக் கோப்பில், எந்த வரியில் தவறு என்பதை அது சொல்வதில்லை. பைத்தானில் பழகிவிட்டு சி மொழிக்கு வருபவர் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான். இதைவிடக் கடினமான செய்தி ஒன்றும் உண்டு: நிரல் விழுந்த வரியைக் கண்டுபிடித்தாலும் அந்த வரியில் பெரும்பாலும் தவறு இருப்பதில்லை. தவறு வேறொரு செயற்கூறில் (ஃபங்ஷன்), பல்லாயிரம் கட்டளைகளுக்கு முன்பு நடந்து முடிந்திருக்கும். பிழை பிறந்த இடத்துக்கும் அது வெடித்த இடத்துக்கும் இடையிலான இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கான வழிகளை இங்கே பார்க்கலாம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் எச்சரிக்கைகள், நிரல் ஓடும்போதே தவறுகளைப் பிடிக்கும் சானிடைசர், நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் வழுநீக்கி (டீபக்கர்) ஆகிய அனைத்தும் இந்த ஒரே வேலைக்காக ஏற்பட்டவை.

முதலில் எந்தக் கருவியில் கற்கிறோம் என்பதைச் சரிசெய்ய வேண்டும். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் நீலத் திரையுடன் கூடிய டர்போ சி++ நெடுங்காலம் கோலோச்சியது. 1990-களின் தொடக்கத்தில், டாஸ் இயங்குதளத்துக்காக போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட நல்ல கருவி அது. ஆனால் இன்று அதில் கற்பதில் ஒரு தீங்கு இருக்கிறது. டாஸில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது என்பதால், எங்கும் சுட்டாத வெற்றுச் சுட்டியின் (நல் பாயிண்டர், அதாவது எந்த இடத்தின் முகவரியும் இல்லாத முகவரி மாறி) வழியாக எழுதினாலும் நிரல் தொடர்ந்து ஓடும். முடியும்போது ஓர் எச்சரிக்கை வந்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. அதே நிரல் லினக்ஸில் அந்த வரியிலேயே விழும். இப்படி விழுவது கற்பவருக்கு நன்மை. மேலும் டர்போ சி-யில் முழு எண் மாறிக்கு 16 பிட்டுகளே இருப்பதால் 8-இன் தொடர்பெருக்கமான (1 முதல் 8 வரை பெருக்கிய விடை) 40320 என்பது -25216 என்று வரும். ‘கோனியோ’ தலைப்புக் கோப்பு (ஹெடர்), திரையைத் துடைக்கும் ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’, ‘வாய்டு மெயின்’ ஆகியவையும் மொழியின் தரநிலையில் இல்லாதவை. அவற்றைப் பழகியவர் பின்னர் ஒவ்வொன்றாக மறக்க வேண்டியிருக்கிறது.

உபுண்டு போன்ற லினக்ஸில் ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற தொகுப்பை நிறுவினால் ஜிசிசி கம்பைலரும், பல கோப்புகளைச் சேர்த்து நிரலைக் கட்டும் ‘மேக்’ கருவியும் வந்துவிடும். வழுநீக்கியான ஜிடிபி, நினைவகப் பயன்பாட்டைச் சோதிக்கும் வால்கிரைண்ட் ஆகியவற்றைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக அதே உபுண்டுவை ஓடவிடுவது எளிது. ஆப்பிள் கணினியில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளை நிறுவினால் கிளாங் கம்பைலர் கிடைக்கும்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று கேளுங்கள்

ஒரே ஒரு கட்டளையைக் கொடுத்து நிரலை உருவாக்குவதால், கம்பைலர் என்பது ஒரே கருவி என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்தக் கட்டளைக்குள் நான்கு வேலைகள் வரிசையாக நடக்கின்றன. முதலில் முன்செயலி, தலைப்புக் கோப்புகளை அப்படியே உள்ளே ஒட்டி, குறும்பெயர்களான மேக்ரோக்களை விரிக்கிறது. அடுத்து உண்மையான கம்பைலர், சி உரையை அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது. அதன் பின் அசெம்பிளர் அதை இயந்திர மொழியிலுள்ள ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. கடைசியில் லிங்கர், பல ஆப்ஜெக்ட் கோப்புகளையும் நூலகங்களையும் இணைத்து ஓடக்கூடிய கோப்பைத் தருகிறது. பிழைச் செய்தியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது இந்த நால்வரில் யார் சொன்னது என்பதுதான். செய்தியில் ‘எல்டி’ என்ற பெயர் வந்தால் அது லிங்கரின் பேச்சு. அங்கே அரைப்புள்ளியைத் தேடிப் பயனில்லை.

கம்பைலர் நாற்பது பிழைகளைக் காட்டினால் முதலாவதை மட்டும் படியுங்கள். அதைத் திருத்தி, மீண்டும் கம்பைல் செய்யுங்கள். ஓர் இடத்தில் தடம் மாறிய கம்பைலர் அதற்குப் பின் வரும் சரியான வரிகளையும் தவறாகப் படிக்கிறது; மீதமுள்ள முப்பத்தொன்பதில் பெரும்பகுதி அதன் எதிரொலிதான். வரி எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். அரைப்புள்ளி விடுபட்டதை, அடுத்த வரியின் முதல் சொல்லைப் பார்த்த பிறகே கம்பைலர் உணர்கிறது. மூடாமல் விட்ட அடைப்புக்குறியைக் கோப்பின் கடைசியில் போய்த்தான் உணர்கிறது. நீங்கள் எழுதிய தலைப்புக் கோப்பின் கடைசி வரியில் அரைப்புள்ளி விடுபட்டால், குற்றச்சாட்டு அதை உள்ளே இழுத்த கோப்பின் மீதோ, அதற்கடுத்து இழுக்கப்பட்ட தலைப்புக் கோப்பின் மீதோ விழக்கூடும். எவ்வளவு பார்த்தும் குறிப்பிட்ட வரி சரியாகவே தெரிந்தால், மேல்நோக்கிப் படியுங்கள்.

எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே நடத்துங்கள். ஜிசிசி தானாகச் சொல்லும் எச்சரிக்கைகள் மிகக் குறைவு. பெரிய எழுத்து டபிள்யூவுடன் ‘ஆல்’ என்று சேர்த்து எழுதும் விருப்பத்தைக் கொடுத்தால்தான் அது வாய் திறக்கிறது. பெயரில் ‘எல்லாம்’ என்று இருந்தாலும் அது எல்லாவற்றையும் சொல்வதில்லை. எனவே ‘எக்ஸ்ட்ரா’ என்பதையும் சேர்க்க வேண்டும். ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி போட்டது, பிரின்ட்எஃப்-இல் வடிவக்குறியும் மாறியின் வகையும் பொருந்தாதது, மதிப்புத் தராமல் முடியும் செயற்கூறு ஆகிய பிழைகள் எல்லாம் அங்கேயே பிடிபடும். மதிப்பு கொடுக்காமல் பயன்படுத்திய மாறியைக் கண்டுபிடிக்க, நிரலின் ஓட்டத்தைக் கம்பைலர் ஆராய வேண்டும்; மேம்படுத்தல் (ஆப்டிமைசேஷன்) இல்லாமல் கம்பைல் செய்தால் அந்த ஆராய்ச்சி முழுமையாக நடப்பதில்லை. ஆகவே எப்போதாவது ஒருமுறை ‘ஓ2’ என்ற மேம்படுத்தல் நிலையில் கம்பைல் செய்து, அந்த எச்சரிக்கைகளையும் படித்துவிடுவது நல்லது.

பழைய எடுத்துக்காட்டுகளை எடுத்து ஓட்டுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அறிவிக்காத செயற்கூறை அழைப்பதை 1999-ஆம் ஆண்டுத் தரநிலையே நீக்கிவிட்டபோதிலும், ஜிசிசி கால் நூற்றாண்டாக எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டிருந்தது. 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பு அதைப் பிழையாக்கிவிட்டது. இது கெடுபிடி இல்லை. அறிவிப்பில்லாத செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தருவதாகக் கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். முகவரியைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றுக்குரிய தலைப்புக் கோப்பை மறந்துவிட்டால், 64 பிட் முகவரி 32 பிட்டாகத் தறிக்கப்பட்டு, வேறெங்கோ போய் வெடிக்கும். அந்தத் தூரத்தைத்தான் புதிய பதிப்பு ஒரே வெட்டில் இல்லாமல் செய்திருக்கிறது.

லிங்கரின் புகார்கள்

லிங்கர் பெரும்பாலும் இரண்டே புகார்களைத்தான் சொல்லும்: ஒரு பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை என்பது ஒன்று, ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது இன்னொன்று.

தலைப்புக் கோப்பு ஒரு செயற்கூறு இருக்கிறது என்ற வாக்குறுதியை மட்டுமே தருகிறது; அதன் உடல் வேறொரு கோப்பிலோ நூலகத்திலோ இருக்கிறது. வாக்குறுதி கம்பைலருக்குப் போதும். லிங்கருக்கு உடல் வேண்டும். கணித நூலகம் இதற்குச் சிறந்த பாடம். 4-இன் வர்க்கமூலத்தை நேரடியாக எண்ணாகக் கொடுத்துக் கேட்டால் நிரல் சிக்கலின்றி உருவாகும். பயனரிடம் வாங்கிய எண்ணின் வர்க்கமூலத்தைக் கேட்டால் லிங்கர் மறுக்கும். முதல் நிரலில் விடையைக் கம்பைலரே கணக்கிட்டு எழுதிவிட்டதால் நூலகம் தேவைப்படவில்லை. இரண்டாவதில் ‘எல்எம்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து நூலகத்தை இணைக்க வேண்டும். அதையும் உங்கள் கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் எழுத வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது, இதுவரை தேவைப்பட்ட பெயர்களை மட்டுமே நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இரட்டைப் பெயர்ப் புகார் பெரும்பாலும், பொது மாறி ஒன்றைத் தலைப்புக் கோப்பில் அறிவிப்பதற்குப் பதிலாக அங்கேயே உருவாக்கிவிட்டதால் வருவது. 2020-இல் வந்த ஜிசிசி 10 வரை இது பல வேளைகளில் சத்தமின்றிக் கடந்துபோனதால், பழைய நிரல்கள் புதிய கணினியில் திடீரென்று உருவாக மறுப்பதைக் காணலாம். தலைப்புக் கோப்பில் ‘எக்ஸ்டெர்ன்’ என்று அறிவித்து, ஒரே ஒரு சி கோப்பில் மட்டும் மாறியை உருவாக்குவதே இதற்கான திருத்தம்.

இங்கே சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லலாம். பல மதிப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்றில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்த்த பிறகு, எந்தத் தொடர்பும் இல்லாத மாறிகளின் மதிப்புகள் தாமாக மாறத் தொடங்கின. இரண்டு நாள் தேடியபின் தெரிந்த காரணம் இது: ‘மேக்’ கருவிக்காக நான் எழுதிய மேக்ஃபைலில் தலைப்புக் கோப்புகளைச் சார்புகளாகக் குறிப்பிடவில்லை. சில ஆப்ஜெக்ட் கோப்புகள் புதிய அமைப்பின்படியும், மற்றவை பழைய அமைப்பின்படியும் அதே ஸ்ட்ரக்டைப் படித்துக்கொண்டிருந்தன. நிரலில் ஒரு வரிகூடத் தவறில்லை. பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்துவிட்டு முழுதாகக் கம்பைல் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று முதல், காரணம் புரியாத பிழை வந்தால் முதல் வேலையாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி கட்டுகிறேன். சார்புகளைக் கையால் எழுதாமல், ‘எம்எம்டி’ என்ற விருப்பத்தின் வழியாகக் கம்பைலரையே எழுதவைத்துவிடவும் முடியும்.

நினைவகத்தில் நடப்பது

கம்பைலரும் லிங்கரும் நிரலைக் கட்டும் காலத்துப் பிழைகளைச் சொல்கின்றன. மெய்யான சோதனை நிரல் ஓடும்போதுதான் தொடங்குகிறது.

பத்து உறுப்புகள் கொண்ட அணியின் (அர்ரே) பதினோராவது உறுப்பில் எழுதினால் நிரல் விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பல வேளைகளில் அது விழுவதில்லை. செயலி நினைவகத்தைப் பக்கங்களாகப் பார்க்கிறது. இன்றைய மேசைக்கணினிகளில் வழக்கமான பக்கத்தின் அளவு 4096 பைட்டுகள். உங்களுக்குரிய பக்கத்துக்குள்ளேயே எல்லை மீறினால் செயலிக்கு அது குற்றமாகவே தெரியாது. அருகில் இருந்த வேறொரு மாறியின் மதிப்பு கெட்டிருக்கும், அவ்வளவுதான். நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மாலாக் செயற்கூறு தந்த இடத்தின் எல்லையைத் தாண்டி எழுதினால் நிலைமை இன்னும் மோசம். அந்த இடத்தை ஒட்டித்தான், எவ்வளவு இடம் யாருக்குக் கொடுத்தோம் என்ற தன் கணக்கை லினக்ஸின் சி நூலகம் எழுதிவைத்திருக்கிறது. அந்தக் கணக்கு கெட்டது, பின்னர் எப்போதோ, ஒதுக்கிய இடத்தை விடுவிக்கும் ஃப்ரீ செயற்கூறை அழைக்கும்போது அல்லது மறுபடி இடம் கேட்கும்போதுதான் தெரியவரும். ‘டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்’ போன்ற செய்தியோடு நூலகமே நிரலை நிறுத்தும். குற்றம் அந்த ஃப்ரீயின் மீது இருப்பதாகத் தோன்றும். அது பிணத்தைக் கண்டெடுத்த ஆள் மட்டுமே.

நிரல் எப்படி இறந்தது என்பதை, கட்டளைகளை வாங்கும் ஷெல் தரும் வெளியேற்ற எண்ணிலிருந்தும் அறியலாம். 128-உடன், நிரல் நிற்கக் காரணமான சமிக்ஞையின் (சிக்னல்) எண்ணைக் கூட்டினால் வருவது அது. 139 என்றால் 11-ஆம் சமிக்ஞை, அதாவது தொடக்கூடாத முகவரியைத் தொட்டது. 134 என்றால் 6-ஆம் சமிக்ஞை, நூலகமோ, நிபந்தனையைச் சரிபார்க்கும் அசெர்ட்டோ நிரலைத் தானே நிறுத்தியது. தன்னையே முடிவின்றி அழைத்துக்கொள்ளும் செயற்கூறும் 139-உடன்தான் சாகும். லினக்ஸில், செயற்கூறுகளின் உள் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதியான ஸ்டேக்குக்கு வழக்கமாகக் கிடைப்பது 8 மெகாபைட் மட்டுமே. செயற்கூறுக்குள் இருபது லட்சம் முழு எண்கள் கொண்ட அணியை அறிவித்தால், அதற்கு மட்டும் 80 லட்சம் பைட்டுகள் போய்விடும். அந்தச் செயற்கூறு தன்னையே இன்னொருமுறை அழைத்தாலே எல்லை தாண்டிவிடும்.

இங்கே அட்ரஸ் சானிடைசர் கைகொடுக்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கி 2012-இல் வெளியிட்ட இது இன்று ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. ‘எஃப்சானிடைஸ்’ என்ற விருப்பத்துக்கு ‘அட்ரஸ்’, ‘அன்டிஃபைன்டு’ என்ற இரு மதிப்புகளையும் கொடுத்து, வரி எண்கள் தெரிவதற்கு ‘ஜி’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கம்பைல் செய்ய வேண்டும். ஒவ்வோர் ஒதுக்கீட்டையும் சுற்றி அது தடை செய்யப்பட்ட பகுதியை அமைக்கிறது. விடுவித்த இடத்தையும் உடனே மறுபயன்பாட்டுக்குத் தராமல் சிறிது காலம் தனிமைப்படுத்தி வைக்கிறது. நிரல் ஏறத்தாழ இரு மடங்கு மெதுவாகும். கற்கும் காலத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. விடுவித்த இடத்தைத் தொட்டால் அது தரும் அறிக்கையில் மூன்று பட்டியல்கள் இருக்கும்: இப்போது தொட்ட வரிக்கு வந்த அழைப்புகள், அந்த இடத்தை விடுவித்த வரிக்கு வந்த அழைப்புகள், முதலில் ஒதுக்கிய வரிக்கு வந்த அழைப்புகள். பிழை வெடித்த இடமும் பிறந்த இடமும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. அறிக்கையின் நீளத்தைக் கண்டு அஞ்சாமல், ஒவ்வொரு பட்டியலிலும் உங்கள் கோப்பின் பெயர் முதலில் வரும் வரியை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் விடை அந்த மூன்று வரிகளுக்குள் இருக்கும்.

சி கற்கும் ஒருவர் ஒரே ஒரு கருவியை மட்டும் கற்க முடியும் என்றால் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஜிடிபி-யைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அட்ரஸ் சானிடைசருக்குப் பிடிபடாத முக்கியமான பிழை ஒன்று உண்டு: மதிப்பு கொடுக்காத நினைவகத்தைப் படிப்பது. அதற்கு வால்கிரைண்ட் வேண்டும். சானிடைசர் இல்லாமல் கம்பைல் செய்த நிரலை வால்கிரைண்டுக்குள் ஓட்ட வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த முடியாது. வேகம் பல மடங்கு குறையும். மதிப்பில்லாத மாறியை நகலெடுக்கும்போது அது பேசாது. அதை வைத்து ‘இஃப்’ போன்ற ஒரு முடிவு எடுக்கும்போதுதான் புகார் சொல்லும். அப்போதும் தூரம் இருக்கிறது. ஆகவே ‘ட்ராக் ஆரிஜின்ஸ்’ என்ற விருப்பத்தை இயக்கினால், அந்த மதிப்பில்லாத நினைவகம் எங்கே உருவானது என்பதையும் தேடிச் சொல்லும்.

தமிழ்ச் சரங்களைக் (எழுத்துத் தொடர்களை) கையாள்பவருக்கு மட்டும் உரிய பொறி ஒன்று இருக்கிறது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக்கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். நினைவகத்தில் 15 பைட்டுகள். சரத்தின் முடிவைக் காட்டும் சுழியத்தையும் சேர்த்தால் 16. சரியாக 15 இடங்கள் கொண்ட அணியை அறிவித்து அதில் இச்சொல்லைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்தால், சி மொழியின் விதி அதை அனுமதிக்கிறது. முடிவுச் சுழியத்தை மட்டும் விட்டுவிடுகிறது. அச்சிடும்போது அடுத்துள்ள நினைவகமும் சேர்ந்து கொட்டும். ஆங்கிலச் சரங்களோடு மட்டும் சோதித்துப் பார்த்த பெயர்ப் பட்டியல் நிரல், தமிழ்ப் பெயரைக் கொடுத்ததும் குப்பையைக் காட்டுவதற்கு இத்தகைய எல்லை மீறலே பெரும்பாலும் காரணம். எழுத்துகளை எண்ணி இடம் ஒதுக்காமல், பைட்டுகளை எண்ணி, ஒன்று கூட்டி ஒதுக்குங்கள்.

ஜிடிபி-யில் ஐந்து கட்டளைகள்

வழுநீக்கியைக் கற்க ஒரு பெரிய கையேட்டைப் படிக்க வேண்டியதில்லை. நிரலை ஓட்டும் ‘ரன்’, விழுந்தபின் அழைப்பு வரிசையைக் காட்டும் ‘பிடி’, வரிசையின் குறிப்பிட்ட படிக்குப் போகும் ‘ஃபிரேம்’, மதிப்பைக் காட்டும் ‘பிரின்ட்’, ஒரு மாறியின் மதிப்பு மாறும்போது நிறுத்தும் ‘வாட்ச்’ ஆகிய ஐந்தும் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். அழைப்பு வரிசையில் 0 என்ற எண்ணுள்ளது நிரல் விழுந்த செயற்கூறு. அது நூலகத்தின் செயற்கூறாக இருந்தால் நூலகத்தைச் சந்தேகிக்காமல், உங்கள் சொந்தச் செயற்கூறு வரும் வரை படியிறங்கி வந்து, அங்கிருந்து நூலகத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

சுட்டியின் மதிப்பே பல வேளைகளில் கதையைச் சொல்லிவிடும். மதிப்பு சுழியமாக இருந்தால், ஏதோ ஓர் ஒதுக்கீடோ தேடலோ தோற்றதை யாரும் சரிபார்க்கவில்லை. விழுந்த முகவரி 8 அல்லது 16 போன்ற மிகச் சிறிய எண்ணாக இருந்தால், வெற்றுச் சுட்டியை ஸ்ட்ரக்டாகக் கருதி அதன் இரண்டாவது, மூன்றாவது உறுப்பைத் தொட்டிருக்கிறீர்கள். முகவரியைப் பதினாறடிமான எண்ணாகப் பார்க்கையில் ஆங்கில எழுத்துகளின் ஆஸ்கி எண்கள் வரிசையாகத் தெரிந்தால், ஏதோ ஒரு சரம் எல்லை மீறி வந்து சுட்டியின் மீது எழுதிவிட்டது; அந்தச் சரம் எது என்பதை எழுத்துகளே காட்டிக்கொடுக்கும்.

‘வாட்ச்’ கட்டளைதான் காலத்தில் பின்னோக்கிப் போக நமக்குள்ள எளிய வழி. மதிப்பு கெட்டுப்போன மாறி எது என்று தெரிந்துவிட்டது. கெடுத்தவர் யார் என்று தெரியவில்லை. நிரலை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டி, அந்த மாறி சரியாக இருக்கும் நேரத்தில் நிறுத்தி, அதன் மீது ‘வாட்ச்’ வைத்துத் தொடரவிட்டால், அதைத் தொட்டு மாற்றும் கட்டளையில் நிரல் கையும் களவுமாக நிற்கும். செயலியின் வன்பொருளே இதைக் கண்காணிப்பதால் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை.

ஜிடிபி-க்குப் பதில் பிரின்ட்எஃப் போட்டுத் தேடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை, நானும் செய்கிறேன். ஆனால் பிரின்ட்எஃப் எழுதுவது உடனே திரைக்குப் போவதில்லை; இடைத்தாங்கலில் (பஃபர்) தேங்குகிறது. வரி முடிவுக்குறி இல்லாமல் அச்சிட்டுவிட்டு நிரல் விழுந்தால் அந்தச் செய்தி வெளியே வராமலே அழிகிறது. நிரல் அந்த இடத்துக்கு வரவே இல்லை என்று தவறாக முடிவு செய்வோம். தேடலுக்காக அச்சிடுபவற்றைப் பிழை வெளியீட்டுக்கு அனுப்பினால் அவை உடனுக்குடன் வரும்.

ஓ0-இல் ஓடியது, ஓ2-இல் ஓடவில்லை

மேம்படுத்தல் நிலையை, மேம்படுத்தலே இல்லாத ‘ஓ0’-இலிருந்து ‘ஓ2’-க்கு மாற்றியதும் நிரலின் நடத்தை மாறினால், கம்பைலரில் பிழை இருப்பதாக எண்ணத் தோன்றும். அரிதாக அப்படியும் நடக்கும். பெரும்பாலும் காரணம், மொழியின் விதி ‘வரையறுக்கப்படாத நடத்தை’ என்று ஒதுக்கிவைத்த ஒன்றை உங்கள் நிரல் செய்வதுதான். இப்படிப்பட்டது நடக்கவே நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, அந்த நம்பிக்கையில் நிரலைச் சுருக்குகிறது. குறியுள்ள முழு எண் நிரம்பி வழிவது இந்த வகை. ஓர் எண்ணுடன் ஒன்றைக் கூட்டியபின் அது முன்பைவிடச் சிறியதாகிவிட்டதா என்று சோதித்து, வழிவதைக் கண்டுபிடிக்க முயன்றால், அது நடக்க முடியாத செயல் என்று கருதி அந்தச் சோதனையையே கம்பைலர் நீக்கிவிடலாம். கூட்டுவதற்கு முன்பே, மிகப்பெரிய மதிப்புடன் ஒப்பிட வேண்டும்.

இது பாடநூல் பயமுறுத்தல் இல்லை. 2009-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவிலேயே (கெர்னல்), ‘டன்’ என்ற வலைப்பின்னல் இயக்கியில், ஒரு சுட்டியின் வழியாக முதலில் படித்துவிட்டு அதன் பிறகு அது வெற்றுச் சுட்டியா என்று சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே படித்தாயிற்று என்பதால் அது வெற்றாக இருக்க முடியாது என்று முடிவு செய்த ஜிசிசி, பின்னால் வந்த சோதனையை நீக்கியது. அது பாதுகாப்பு ஓட்டையாயிற்று.

32 பிட் முழு எண்ணில் 13-இன் தொடர்பெருக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சரியான விடை 6227020800. திரையில் வழக்கமாக வருவது 1932053504. டர்போ சி காட்டிய -25216-ஐக் கண்டவுடன் யாரும் சந்தேகிப்பார்கள்; இந்த எண் நேர்க்குறியோடு, பெரிதாக, 12-இன் தொடர்பெருக்கமான 479001600-ஐ விடவும் அதிகமாக இருப்பதால் சரியான விடை போலவே உட்கார்ந்திருக்கும். ‘அன்டிஃபைன்டு’ சானிடைசர் இயங்கினால், பெருக்கல் நிரம்பி வழிந்த வரியை அது உடனே சொல்லிவிடும்.

எந்த வரிசையில் கற்கலாம்

உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் நாட்களைச் செலவிட வேண்டாம். எண்ணைப் படித்தபின் எழுத்தைப் படிக்கக் கேட்டால், பயனர் தட்டிய என்டரையே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் அதை உள்ளீட்டிலேயே விட்டுவிடுவதால் மடக்கு (லூப்) முடிவின்றிச் சுழலும். ஒரு வரியை முழுதாக ‘எஃப்கெட்ஸ்’ வழியாக வாங்கி, அதன் பின் அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுப்பது இரண்டு சிக்கலையும் தீர்க்கும். பழைய ‘கெட்ஸ்’ செயற்கூறை எந்த எடுத்துக்காட்டில் கண்டாலும் விலகிவிடுங்கள். அதற்கு அணியின் அளவைச் சொல்ல வழியே கிடையாது. 1988-இல் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வாசல்களில் ஒன்று, ‘ஃபிங்கர்’ சேவையில் இருந்த இந்தச் செயற்கூறுதான். 2011-ஆம் ஆண்டுத் தரநிலை அதை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது.

சுட்டிகளுக்கு நேரம் கொடுங்கள். திரையை விட்டுத் தாளுக்கு வாருங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் வரைந்து, சுட்டிக்கு அம்பு போடுங்கள். ஒவ்வோர் அம்பைப் பார்த்தும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது சுட்டும் இடம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, அந்த இடத்தின் அளவு என்ன, அதை விடுவிக்கும் பொறுப்பு எந்தச் செயற்கூறுடையது. செயற்கூறுக்குள் அறிவித்த அணியின் முகவரியைத் திருப்பித் தருபவர் முதல் கேள்வியில் சிக்குவார். அணியைச் செயற்கூறுக்கு அனுப்பிவிட்டு, உள்ளே ‘சைஸ்ஆஃப்’ கொண்டு அதன் அளவை எடுக்க முயல்பவர் இரண்டாவதில் சிக்குவார். அங்கே அது வெறும் சுட்டியாகிவிட்டதால், அணி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 64 பிட் கணினியில் 8 என்றுதான் வரும். மூன்றாவது கேள்விக்கான விடையைச் செயற்கூறின் தலைக்கு மேல் ஒரு வரி குறிப்பாக எழுதிவைப்பது, பிறகு வால்கிரைண்ட் அறிக்கையோடு போராடுவதைவிட எளிது.

பயிற்சிக்கு, தேவைக்கேற்ப வளரும் அணி ஒன்றை முதலில் எழுதலாம். அடுத்து, ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவைச் சுட்டும் இணைப்புப் பட்டியல். அதன் பிறகு ஒரு கோப்பிலுள்ள சொற்களை எண்ணும் நிரல். மூன்றையும் சானிடைசர் இயங்கும் நிலையிலேயே எழுதுங்கள். இணைப்புப் பட்டியலை விடுவிக்கும் மடக்கில், ஒரு கணுவை விடுவித்தபின் அதன் வழியாகவே அடுத்த கணுவுக்குப் போகும் பிழையை அநேகமாக எல்லோரும் ஒருமுறை செய்கிறார்கள். அது சானிடைசர் இல்லாமல் பல வேளை ஓடிவிடும், இருந்தால் உடனே நிற்கும்.

எதுவும் பிடிபடாதபோது நிரலைச் சிறிதாக்குங்கள். பாதியை வெட்டிவிட்டு, பிழை இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மீதியில் பாதியை வெட்டுங்கள், போய்விட்டால் வெட்டியதைத் திருப்பி மற்றப் பாதியை வெட்டுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நிரலில் செய்த மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் ‘கிட்’ கருவியின் ‘பைசெக்ட்’ கட்டளை இதே வேலையை வரலாற்றின் மீது செய்கிறது. ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவில் குற்றவாளியைப் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடும். மற்றவரிடம் உதவி கேட்பதாக இருந்தாலும் இப்படிச் சுருக்கிய இருபது வரி நிரலையும், கம்பைலரின் பதிப்பையும், கொடுத்த விருப்பங்களையும், பிழைச் செய்தியைத் திரையின் படமாக அல்லாமல் உரையாகவும் கொடுத்துக் கேளுங்கள். சுருக்கிக்கொண்டிருக்கும்போதே விடை கிடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

திருத்திய பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நிரலை விழவைத்த அந்த உள்ளீட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்து, உங்கள் திருத்தத்தை ஒருமுறை பின்வாங்கி, பிழை திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நீங்கள் திருத்தியது வேறு எதையோ. பழைய பிழை, நினைவகத்தில் இடம் சற்று நகர்ந்ததால் மறைந்து உட்கார்ந்திருக்கிறது. வந்தால், திருத்தத்தை மீண்டும் போட்டு, சானிடைசரோடு ஒருமுறையும் ‘ஓ2’ நிலையில் ஒருமுறையும் அதே உள்ளீட்டை ஓட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.